தொடர் கேம்கள்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

மண்டபம் பட்டறை

கச்சான் காற்று பலமாக இருப்பதால் தென்கடல் பக்கம் பத்து நாளாகப் படகு இறங்கவில்லை. பகலில் பட்டறையில் வேலை குவிந்து கிடக்கிறது, இரவில் நேரம் கிடைக்கிறது. அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறான். ரெசிடென்ட் ஈவில் 2 என்ற திகில் கேம் ஆடுகிறான். 2019இல் புதிதாகச் செய்து வெளியிட்டார்களே, அது. நான் பின்னால் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

காவல் நிலையத்தின் மேல்மாடி. கையில் ஏழு தோட்டா. எங்கோ கனமான பூட்ஸ் சத்தம். மிஸ்டர் எக்ஸ் என்ற ராட்சதன் தேடிக்கொண்டு வருகிறான். சத்தம் சுவருக்கு அந்தப் பக்கமா, தலைக்கு மேலா என்று பிடிபடவில்லை. பையன் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். மேஜை மேல் தட்டச்சு இயந்திரம், மூலையில் சாமான் பெட்டி, மெல்லிய இசை. ஆட்டத்தைச் சேவ் செய்யும் அறை. அவன் தோள் இரண்டும் ஒரு சாண் கீழே இறங்கின.

அந்தத் தோளை எனக்குத் தெரியும். நான் பத்தாவது படிக்கும்போது ராமநாதபுரத்தில் ஒரு கடையில் மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து பிளேஸ்டேஷனில் இதன் மூல வடிவத்தை ஆடினேன். அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன், அதே அறையில்தான் தோள் இறங்கியது. ஆனால் அந்தக் கேமுக்கும் இதற்கும் என்ன ஒற்றுமை? அன்று கேமரா சுவரோடு ஒட்டிக் கிடக்கும், ஆளைத் திருப்புவது லாரியைத் திருப்புவது மாதிரி. இன்று கேமரா தோளுக்குப் பின்னால் நிற்கிறது, நினைத்த பக்கம் குறி வைக்கலாம்.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் உண்டு. 2012இல் வந்த ஆறாவது பாகத்தில் லியான் இருந்தார், கிறிஸ் இருந்தார், எல்லாரும் தெரிந்த முகங்கள். ஆனால் தோட்டாவுக்குப் பஞ்சமில்லை, திரும்பிய பக்கமெல்லாம் வெடி. வேறு யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. 2017இல் ஏழாவது பாகம் வந்தது. பழைய ஆட்களைத் தேடினால், கடைசியில் கிறிஸ் தலைகாட்டுவதைத் தவிர யாரும் கிடைக்கமாட்டார்கள். நம் கண்ணாலேயே பார்க்கும் கோணம், லூசியானாவில் ஒரு பாழ்வீடு, ஈதன் என்று யாரோ ஒரு புது ஆள். பத்து நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, இது ரெசிடென்ட் ஈவில்தான் என்று.

என் எண்ணம் இது. தொடரின் அடையாளம் முகத்திலோ கேமராவிலோ இல்லை. ஆடுகிறவனிடம் அது என்ன கேட்கிறது என்பதில் இருக்கிறது. ரெசிடென்ட் ஈவில் எப்போதும் கேட்பது, "கையில் இருப்பது போதுமா? சுடுவாயா, ஓடுவாயா?" 1996இல் முதல் பாகத்தில் கிறிஸ் தூக்கிச் செல்லக்கூடியது ஆறே ஆறு பொருள். ஏழாவது பாகத்திலும் பையைத் திறந்து எதை வைப்பது, எதை விடுவது என்று தவிக்கிறோம். அந்தக் கேள்வி இருக்கும்வரை மற்றதையெல்லாம் மாற்றிக்கொள்ளட்டும்.

உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது? வேறு தொடர்களுக்கும் இது பொருந்துமா?

கீழக்கரைத் தெரு

நல்ல இழை தம்பி. நான் துபாயில் இருக்கிறேன், வெள்ளிக்கிழமை மட்டும்தான் கேம். என் தொடர் ஜெல்டா, வாளோடு ஊர் சுற்றும் சாகசக் கேம். உங்கள் கணக்கை அதில் வைத்துப் பார்க்கிறேன்.

1998இல் ஆக்கரீனா ஆஃப் டைம் வந்தபின் ஜெல்டாவுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டாகிவிட்டது. டஞ்சன் என்ற புதிர்க் கோட்டை ஒன்றுக்குள் போ, அங்கே ஒரு கருவி கிடைக்கும், அதே கருவியால் அங்கேயுள்ள பெரிய எதிரியைச் சாய், அடுத்த டஞ்சனுக்குப் போ. 2011இல் ஸ்கைவேர்ட் ஸ்வார்ட் வரை அப்படித்தான். எங்களைப் போன்ற ரசிகர்களைக் கேட்டால் அதுதான் ஜெல்டா என்று சத்தியம் செய்திருப்போம்.

2017 மார்ச்சில் பிரெத் ஆஃப் த வைல்ட் வந்தது. வரிசை போயிற்று. கருவிகளில் முக்கியமானவற்றையெல்லாம் முதல் சில மணி நேரத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். கையில் இருக்கும் வாள் கொஞ்சம் அடித்ததுமே உடைகிறது. தொடக்கப் பீடபூமியில் ஷ்ரைன் என்ற சிறு புதிர்க்கோயில் நாலை முடித்து, காற்றில் மிதக்கும் அந்தத் துணியை வாங்கிக்கொண்டால் போதும், துணிச்சல் இருந்தால் நேரே கோட்டைக்குப் போய்க் கடைசி எதிரியையே சந்திக்கலாம். ரசிகர்கள் "இதுதான் அடையாளம்" என்று எண்ணிவைத்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் 1986இல் வந்த முதல் ஜெல்டாவை எடுத்துப் பாருங்கள். தொடங்கியதும் ஒரு வெட்டவெளி, ஒரு குகை, மூன்று பக்கம் பாதை. யாரும் எங்கே போ என்று சொல்வதில்லை. குகைக்குள் போகாமல் வாளே இல்லாமல் கிளம்பினாலும் கேம் தடுக்காது. அதை உருவாக்கிய மியாமோட்டோ சிறுவயதில் கியோட்டோ பக்கத்துக் குன்றுகளில் அலைந்து குகை கண்டுபிடித்த நினைவிலிருந்து பிறந்தது அந்தக் கேம். பிரெத் ஆஃப் த வைல்டைச் செய்யும்போது அந்தப் பழைய கேமின் தோற்றத்திலேயே தட்டையான ஒரு மாதிரி செய்து, அதில்தான் தீயும் மரமும் காற்றும் ஒன்றோடொன்று எப்படி வினைபுரியும் என்று சோதித்தார்கள். 2017இல் அதை மேடையில் காட்டவும் செய்தார்கள்.

ஆக, அது கேட்கும் கேள்வி "அந்த மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, போய்ப் பார்க்கிறாயா?" என்பது. இருபது வருஷம் அந்தக் கேள்வி டஞ்சன்களுக்கு அடியில் புதைந்து கிடந்திருக்கிறது. இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

மனசில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு டஞ்சன் வேண்டும். நூற்றிருபது ஷ்ரைன் கொடுத்தாலும் ஒரு நீர்க்கோயிலில் தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கி மூன்று நாள் மண்டை காய்ந்த திருப்திக்கு அது ஈடாகவில்லை. அடையாளம் காப்பாற்றப்பட்டது, எனக்குப் பிடித்தது போய்விட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

ஏர்வாடி இரவு

அண்ணே, காக்கா, ரெண்டு பேருக்கும் வணக்கம். கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் தொட்ட முதல் ரெசிடென்ட் ஈவில் 2023இல் வந்த புது நாலாவது பாகம். கோடரியோடு ஓடிவரும் ஊர்க்காரர்கள், காலில் சுட்டு மண்டியிட வைத்து ஓர் உதை. எனக்கு அதுதான் ரெசிடென்ட் ஈவில். தோட்டாவை எண்ணிப் பயந்துகொண்டே நடப்பது எனக்கு இரண்டாவதாகத் தெரிந்த விஷயம். மூல நாலாவது பாகம் 2005இல் வந்தபோது அதைத் துரோகம் என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள் இல்லையா? இன்று அதைத் தொடரின் உச்சம் என்கிறார்கள். "எது அடையாளம்" என்பது நாம் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தோம் என்பதைப் பொறுத்தது. அதைத் தொடரின் குணம் என்று சொன்னால், பின்னால் வந்தவர்களுக்கு இடமில்லாமல் போய்விடும்.

மண்டபம் பட்டறை

தம்பி, நல்ல அடி. ஆனால் நாலாவது பாகத்தை என் பக்கம்தான் இழுப்பேன்.

அதை இயக்கியவர் மிக்காமி, முதல் பாகத்தை இயக்கியவரும் அவரேதான். நாலாவது பாகத்துக்காகத் தொடங்கிய ஒரு வடிவம் ரொம்பத் தள்ளிப் போய்விட்டது என்று அதைத் தனியாகப் பிரித்து 2001இல் டெவில் மே கிரை என்று வேறு பெயரில் வெளியிட்டார்கள். எது இந்தத் தொடருக்குள் அடங்கும், எது அடங்காது என்று உள்ளே இருந்தவர்களே ஒரு கோடு போட்டார்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்? கடைசியில் வந்த நாலாவது பாகத்தில் கேமரா மாறியது, சண்டை மாறியது. ஆனால் அந்தப் பெட்டியை நினைத்துப் பார். கட்டம் கட்டமாக இருக்குமே, துப்பாக்கியைத் திருப்பி வைத்து, மீனை ஓரத்தில் செருகி, ஒரு முட்டைக்கு இடம் தேடுவாயே. கையில் இருப்பது போதுமா என்ற கேள்வி அங்கே இருக்கிறது. நீ வந்த வாசலும் அதே வீட்டு வாசல்தான்.

தொண்டிக் கொண்டல்

ஜெல்டா என்றதும் வந்துவிட்டேன். அந்தத் தொடரின் விண்ட் வேக்கர் பற்றி யாரும் பேசவில்லையே!

நான் பாய்மரப் போட்டிக்குப் போகிறவன். வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல்தான். கடலையும் காற்றையும் வைத்து ஒரு ஜெல்டா இருக்கிறது என்று நண்பன் சொல்லித்தான் கேம் பக்கமே வந்தேன்.

அந்தக் கேம் பட்ட பாடு இந்த இழைக்குப் பொருத்தமானது. 2000இல் ஒரு கண்காட்சியில் அசல் மனிதர்கள் மாதிரி நாயகன் லிங்க்கும் வில்லன் கேனனும் வாள்வீசும் சிறு காட்சியைக் காட்டினார்கள், எல்லாரும் அடுத்த ஜெல்டா அப்படித்தான் என்று நம்பினார்கள். அடுத்த வருஷம் பெரிய கண்ணோடு கார்ட்டூன் பொம்மை மாதிரி ஒரு லிங்க் வந்து நின்றான். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2002 கடைசியில் கேம் வந்தது. இன்று எடுத்துப் பாருங்கள், அந்தக் காலத்தில் அசல் மாதிரி என்று கொண்டாடிய மற்ற கேம்களின் முகமெல்லாம் மெழுகு மாதிரி இருக்கிறது. இதில் அலை இன்னும் அலையாக இருக்கிறது. தோற்றம் மாறுவதற்குப் பயப்பட வேண்டாம் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது பாய் பற்றி. முதலில் வந்த வடிவத்தில் ஒரு திசைக்குப் போக வேண்டுமென்றால் காற்றை மாற்றும் மந்திரக் குச்சியை எடுத்து மூன்று தாளம் அசைத்து, காற்றின் திசையைத் தேர்ந்து, அது சுழன்று வரும் காட்சியைப் பார்த்து, அப்புறம் பாயை விரிக்க வேண்டும். திசை மாறினால் மறுபடியும். எதிர்காற்றில் படகு தவழும். பலருக்கு இது எரிச்சல். 2013இல் மெருகேற்றி வெளியிட்டபோது ஏலத்தில் ஒரு புதுப் பாய் வாங்கலாம் என்று வைத்தார்கள். அதை விரித்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும், வேகமும் கூடும்.

கடலில் காற்று எப்போது நம் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறது? கொண்டல் என்ற கீழ்க்காற்று அடிக்கும் நாளில் கிழக்கே போக வேண்டுமென்றால் குறுக்கும் நெடுக்கும் ஓட்டித்தான் போயாக வேண்டும். பாயை மாற்றிப் பிடிக்கும் அந்த ஒரு நொடியில் படகு சாய்ந்து, ஆட்கள் மரப்பலகை மேல் ஏறி வெளியே தொங்கி எடை கொடுத்து, யாராவது ஒருவர் தண்ணீரில் விழுந்து, அப்படித்தான் போக வேண்டும். காற்றோடு பேரம் பேசுவதுதான் பயணம். பழைய பாயில் அதன் நிழலாவது இருந்தது.

புதுப் பாயால் ஜெல்டா என்ற தொடர் கெட்டுப்போனதா? இல்லை. மலைக்குப் பின்னால் என்ன, தீவுக்கு அப்பால் என்ன என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் விண்ட் வேக்கர் என்ற அந்த ஒரு கேம் காற்றை நம்பிப் பிறந்தது. அதற்கு அது இழப்புதான். தொடருக்கு ஓர் அடையாளம், ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாக ஓர் அடையாளம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கீழக்கரைத் தெரு

அந்தப் பாயை வாங்கியவன் நான். விடுமுறை நாள் ஒன்றுதான் என்பதால் வாங்கினேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபின் பழையதை ஒரு தடவை முழுதாக ஆடிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

பாம்பன் வாடை

பள்ளிக்கூட வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், இதைப் படித்துவிட்டுத் தாளை ஓரமாக வைத்தேன்.

பட்டறைத் தம்பி சொன்னது பெரும்பாலும் சரி, ஆனால் ஒன்று விட்டுப்போகிறது. நம் ஊர்ப் பாலத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1914இல் கட்டிய பழைய ரயில் பாலத்தில் நடுக்கண்ணை ஆட்கள் கையால் நெம்பித் திறப்பார்கள், இரண்டு இலையும் மேலே எழும், கப்பல் போகும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே மோட்டாரில் நேராக 17 மீட்டர் உயர்கிறது. ரயில் கடலைத் தாண்ட வேண்டும், கப்பலுக்கு வழியும் விட வேண்டும், இந்த வேலை மாறவில்லை. தம்பியின் கணக்குப்படி இது அதே பாலம்.

ஆனால் பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும். கதவோரம் உட்கார்ந்தால் கீழே நேராகத் தண்ணீர், இரும்பு முனகும் சத்தம் ஒவ்வொரு தூணுக்கும் வேறு வேறு மாதிரி. சின்ன வயதில் அம்மா என் பாவாடை நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புதுப் பாலத்தில் நன்றாகத்தான் போகிறது. அந்த ஊர்தல் இல்லை. யாரும் அதைத் திட்டமிட்டு வைக்கவில்லை. பாலம் வயதாகி, வேகத்தைக் குறைத்ததால் வந்தது. ஆனாலும் எங்களுக்கு அதுதான் பாம்பன் பாலம்.

பழைய ரெசிடென்ட் ஈவிலில் ஒவ்வொரு அறைக்கும் கதவு மெல்லத் திறக்கும் காட்சி வருமே, அது மாதிரி. அடுத்த அறையை சிடியிலிருந்து ஏற்றுவதற்கு நேரம் வேண்டும், அதை மறைக்க வைத்த காட்சி அது. குறையிலிருந்து பிறந்தது. ஆனால் இருட்டில் ஒரு கதவு மட்டும் தெரிந்து, பிடி திரும்பி, அந்தப் பக்கம் என்ன நிற்கிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்ட நாலு நொடி இருக்கிறதே, அது பயத்தில் பாதி. புதியதில் லோடிங் தேவையில்லை, கதவுக் காட்சியும் இல்லை. கேள்வி அப்படியே இருக்கிறது, கேட்கும் குரல் மாறிவிட்டது. குரலும் அடையாளம்தானே?

இன்னொன்று. நான் ஆடுவது சிவிலைசேஷன், ஒரு நாகரிகத்தை வளர்த்து ஆளும் கேம். அங்கே இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். புது பாகம் செய்யும்போது மூன்றில் ஒரு பங்கு பழையபடியே இருக்கட்டும், ஒரு பங்கைச் செம்மைப்படுத்து, ஒரு பங்கு முற்றிலும் புதிது என்பது தொடரை உருவாக்கிய சிட் மேயர் காலத்திலிருந்து சொல்லி வரும் விதி. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எந்த மூன்றில் ஒரு பங்கு என்பதை விதி சொல்வதில்லை. 2010இல் ஐந்தாம் பாகத்தில் சதுரக் கட்டத்தை அறுகோணமாக்கினார்கள், ஒரு கட்டத்தில் ஒரு படைதான் என்றார்கள். முணுமுணுத்தோம், பழகிவிட்டோம். 2025 பிப்ரவரியில் ஏழாம் பாகத்தில் ஒரு காலகட்டம் முடிந்தால் உன் நாகரிகத்தையே மாற்றிக்கொள் என்றார்கள். மௌரியராகத் தொடங்கி, சோழராக மாறி, முகலாயராக முடிக்கலாம். சோழர் வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! கடல் தாண்டி வணிகம் செய்து கப்பல் விட்டு, தஞ்சையிலிருந்து உலகத்தை ஆளப் போகிறேன் என்று உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் காலம் முடிந்தது, வேறு பெயர் எடு என்று கேட்டது.

1991இலிருந்து அந்தத் தொடர் தந்த வாக்கு, ஒரு குடியைக் கற்காலத்திலிருந்து விண்வெளி வரை நீயே கொண்டுபோகலாம் என்பது. அதைத் தொட்டதால்தான் இவ்வளவு பேர் மனசு கசந்தது என்று நினைக்கிறேன். புதுமை கூடிப்போனது காரணமில்லை. புதுமையின் கை தவறான இடத்தில் பட்டது.

மண்டபம் பட்டறை

அக்கா, கதவு விஷயத்தில் என்னை மடக்கிவிட்டீர்கள். ஒரு நாள் முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

இன்று பட்டறையில் ஒரு பழைய மர வத்தை. அடிப்பலகை ஊறிப்போயிருக்கிறது. முழுசாக இழைத்து, காயவைத்து, மேலே ஃபைபர் பாய் விரித்து ரெசின் பூசுகிறோம். ஒரு சுற்று, காய்ந்தபின் இன்னொரு சுற்று. முடித்தால் வெளியிலிருந்து ஒரு விரல் மரம்கூடத் தெரியாது. கொண்டுவந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அணியத்தைத் தொட்டுடாதப்பா. அலைய வெட்டுறது அதுதான்." அணியம் என்றால் படகின் முன்முனை. நிறம் என்ன என்று நாங்கள் கேட்டதற்கு, உங்க இஷ்டம் என்றுவிட்டார். நான் சொல்ல வந்தது இதுதான் என்று தோன்றியது.

ஆனால் மத்தியானம் இன்னொன்று கவனித்தேன். பூச்சு முடித்த படகை அவர் கையால் தட்டிப் பார்த்தார். மரத்தில் வருகிற 'டொக்' சத்தம் வரவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. அக்கா சொல்லும் குரல் அதுதான். வேலைக்கு அந்தச் சத்தம் தேவையில்லை. ஆனாலும் அது போகும்போது எதுவோ போகிறது. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

சிவிலைசேஷன் நான் ஆடியதில்லை. ஆனால் "தந்த வாக்கு" என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். கேள்வி என்று நான் சொன்னதைவிட அது பொருத்தம்.

ஏர்வாடி இரவு

அக்கா எழுதியதைப் படித்ததும் சடுகுடு நினைவுக்கு வந்தது. எங்கள் தாத்தா காலத்தில் மணலில், ஒரே மூச்சில் "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டு போக வேண்டும், மூச்சு விட்டால் ஆள் காலி. இப்போது மேட், ஷூ, முப்பது நொடிக் கடிகாரம். 2014இல் புரோ கபடி வந்தபின் இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்ற விதியும் சேர்ந்துவிட்டது. தாத்தா இது சடுகுடுவே இல்லை என்பார். ஆனால் டிவியில் ஒருவன் எதிரணிக் கோட்டுக்குள் தனியாகப் போய், கால் பிடிபட்டு, உடம்பை இழுத்துக் கைநீட்டி நடுக்கோட்டைத் தொடப் பார்க்கும்போது முதலில் எழுந்து நிற்பது தாத்தாதான்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டைக் கேமிலும் இது நடந்தது. 1997இல் மூன்றாம் பாகம் வந்தபோது ரியூ, கென் தவிரப் பழைய ஆட்கள் எல்லாரையும் தூக்கிவிட்டார்கள். சுன்லி திரும்பி வர 1999 ஆயிற்று. ஆட்டத்தின் உயிர் அப்படியேதான் இருந்தது, எதிராளியின் அடியை நொடி பிசகாமல் முன்னால் தள்ளித் தடுக்கும் முறை சேர்ந்து இன்னும் ஆழமாகவும் ஆனது. ஆனாலும் நிறையப் பேர் விலகிப் போனார்கள். ஏனென்றால் பல வருஷம் பழகிய ஆளைக் காணோம். ஆக பட்டறை அண்ணன் சொன்ன "முகம் முக்கியமில்லை" என்பது சண்டைக் கேமுக்குச் செல்லாது. அங்கே ஆள் என்பது முகம் மட்டும் இல்லை, என் விரலுக்குத் தெரிந்த மொழி.

2023இல் ஆறாம் பாகத்தில் ஒரு நல்ல வழி கண்டார்கள். பழைய முறையில் குச்சியைச் சுழற்றி ஹடோக்கன் என்ற பந்து அடியைப் போடலாம், புது முறையில் ஒரே பட்டனிலும் போடலாம், ஆனால் அப்படிப் போட்டால் அடியின் வலு குறையும். என் தங்கச்சி ஒரே பட்டன் முறையில் ஆடுகிறாள். அவள் என்னை மூலைக்குத் தள்ளும்போது நான் படும் பாடு பழைய பாடுதான்.

கீழக்கரைத் தெரு

நான் முன்னால் ஒத்துப்போனதில் கொஞ்சம் பின்வாங்குகிறேன். ஃபைனல் ஃபேன்டசி என்ற கதைக் கேம் தொடரை என்ன செய்வது?

1987இலிருந்து பாகத்துக்குப் பாகம் உலகம் வேறு, ஆட்கள் வேறு, கதை வேறு. 1991இல் நாலாம் பாகத்தில் நேரம் ஓடும் சண்டை முறை வந்தது. 2001இல் பத்தாம் பாகத்தில் நேரம் நின்று யோசிக்கலாம் என்றார்கள். 2023இல் பதினாறாம் பாகம் முழுக்க வாள்வீச்சு. சண்டையை வடிவமைத்தவரே டெவில் மே கிரை ஐந்திலிருந்து வந்தவர். தொடர்ச்சி என்று பார்த்தால் சோகோபோ என்ற பறவை, சிட் என்ற பெயரில் யாராவது ஒருவர், சில மந்திரங்களின் பெயர். ஒரே கேள்வி, ஒரே வாக்கு என்று எதைச் சொல்வீர்கள்? "ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்குவோம்" என்பதே அதன் வாக்கு என்றால் அது எதற்கும் பொருந்தும் பதிலாகிவிடும்.

இதற்கு எதிர்முனையில் யாகூசா. 2005இலிருந்து தெருச்சண்டைக் கேம். 2020இல் வந்த பாகத்தில் நாயகன் கிரியூ போய் இச்சிபான் வந்தான், சண்டை அவரவர் முறை வந்தால் அடிக்கும் முறையாக மாறிவிட்டது. சண்டைக் கேமில் சண்டையையே மாற்றினால் என்ன மிஞ்சும்? ஆனால் மிஞ்சியது. தெருவில் முட்டிக்கொள்ளும் சில்லறை மனிதர்கள், அவர்களின் வினோதமான கஷ்டம், அதற்காக உயிரைக் கொடுக்கும் ஒரு முரடன், பாட்டுக் கடை. இச்சிபான் சின்ன வயதில், முறை வைத்து அடிக்கும் டிராகன் குவெஸ்ட் என்ற கேமை ஆடி வளர்ந்தவன், அதனால் எதிரிகள் அவன் கண்ணுக்கு அப்படித் தெரிகிறார்கள் என்று மாற்றத்தைக் கதைக்குள்ளேயே கட்டிவிட்டார்கள். அந்தக் காட்சியில் நான் நெகிழ்ந்துபோனேன். நாயகன் மேல் உள்ள பாசத்தால் மாற்றத்தை ஏற்றுக்கொண்டேன். இங்கே அடையாளம் இருந்தது ஊரிலும் மனிதர்களிலும், கையில் இல்லை.

எல்லாத் தொடருக்கும் ஒரே இடத்தில் உயிர் இருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

தொண்டிக் கொண்டல்

காக்கா சொல்வது சரி. நம் ஆட்களும் வடகடல் கொந்தளிக்கும் மாசத்தில் தென்கடலுக்கு மாறுகிறார்கள், தென்கடல் கொந்தளித்தால் இங்கே வருகிறார்கள். இரண்டுக்கும் ஆழம் வேறு, வலை வேறு, மீன் வேறு. ஃபைனல் ஃபேன்டசியில் கடல் மாறுகிறது, போகிற ஆள் மாறவில்லை. செய்கிற கூட்டத்தின் துணிச்சல்தான் அங்கே அடையாளம் என்று நினைக்கிறேன். ஆனால் அப்படி ஒரு தொடர் நிலைக்க வேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்தே அப்படி இருந்திருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே குடியை ஆளவிட்டுத் திடீரென்று மாற்று என்றால், அக்கா கோபப்படாமல் என்ன செய்வார்?

பாம்பன் வாடை

கோபம் தணிந்துவிட்டது, இன்னும் சோழரை வைத்துத்தான் ஆடுகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் காலம் முடியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறேன்.

மண்டபம் பட்டறை

ஐந்தாறு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. காற்று தணிந்து படகுகள் இறங்கின, வேலை.

அக்கா சொன்ன கதவுக்காக 1998இன் மூல இரண்டாம் பாகத்தை வாங்கினேன், இப்போது கணினியில் மறுபடியும் விற்கிறார்கள். மருமகனிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். முதல் இரவு படாத பாடு பட்டான். ஆளைத் திருப்பத் தெரியவில்லை, சுவரில் முட்டுகிறான், கேமரா மாறும்போது வந்த வழியே திரும்பிப் போகிறான். "மாமா, இது எப்படி மாமா ஆடுனீங்க?" என்று கன்ட்ரோலரை வைத்துவிட்டான். எனக்கும் ஆடிப் பார்த்தால் கை வரவில்லை. அந்தக் கட்டுப்பாட்டு முறையை நான் நினைவில் வைத்திருந்த அளவுக்கு அது நல்லதாக இல்லை. அதை விட்டதற்காக இனி வருத்தப்படமாட்டேன்.

இரண்டாம் இரவு தானாகவே எடுத்தான். கதவுக் காட்சி வந்தபோது நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாலைந்து கதவுக்கு எரிச்சல்பட்டான். அப்புறம் ஒரு தடவை கதவு திறக்கத் தொடங்கியதும் முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். அக்கா, நீங்கள் சொன்னது சரி.

நேற்று ராத்திரி பதினொரு மணி. தட்டச்சு இயந்திர அறை. அந்தக் காலத்தில் மை ரிப்பன் இருந்தால்தான் சேவ் செய்ய முடியும், ஒரு சேவுக்கு ஒன்று கழியும். அவன் பையைத் திறந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாமா, மூணு ரிப்பன்தான் இருக்கு. இப்ப எழுதவா, இன்னும் கொஞ்சம் போயிட்டு எழுதவா?" என்று கேட்டான்.

பத்தாவது படிக்கும்போது இதே இடத்தில் கொஞ்சம் போயிட்டு எழுதலாம் என்று போனேன். கடையில் கரண்ட் போய்விட்டது. இரண்டு மணி நேர ஆட்டமும் இருபது ரூபாயும் போயின. அவனிடம் அதைச் சொல்லவில்லை. நீயே முடிவு பண்ணு என்றேன்.

ஏர்வாடி இரவு

அண்ணே, எழுதினானா இல்லையா?

மண்டபம் பட்டறை

இன்னும் அந்த அறையிலேயேதான் நிற்கிறான் தம்பி. பெட்டியைத் திறந்து மூலிகையை எண்ணிக்கொண்டிருக்கிறான்.